டகெமாசாவின் வாளுறை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் தேய்ப்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. சொன்னால் சிரிப்பார்கள். முப்பத்தைந்து வருடமாகப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் எனக்கு, ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவனுடைய வாய் அச்சு ஒன்று போதும். பல் மருத்துவர் அச்சு எடுத்து அனுப்புவார். நான் அதில் சுண்ணச்சாந்தை ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். அவன் எந்தப் பக்கம் மெல்லுகிறான், எதை வாய்க்குள்ளேயே மறந்து வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். ஆளை நேரில் பார்க்கவேண்டிய அவசியமே இருக்காது.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சுனெயோஷி. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. என் பெயர் குசுனோசே யசுமிச்சி. வயது அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து இயாய்தோ பழகுகிறேன். தோசாக் கரையில் பிறந்த உங்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் எழுதிக்கொள்கிறவர் இளைஞராக இருக்கிறார். அதில் எதிரே ஆள் கிடையாது. மண்டியிட்டு உட்கார்ந்து, எதிராளி ஒருவன் இருப்பதாக நினைத்து, உறையிலிருந்து வாளை உருவ வேண்டும். உருவுகிற வீச்சிலேயே வெட்டு விழ வேண்டும். பிறகு வாளில் இல்லாத ரத்தத்தை உதறிவிட்டு மறுபடி உறையில் சொருக வேண்டும். அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு முப்பத்தொன்பது வருடமாக வரவில்லை.

அதில் என்னை இழுத்தது அதன் சுத்தம். உருவிய வாளின் முன்னால் வாய் திறக்கக் கூடாது. ஒரு துளி எச்சில் பட்டாலும் எஃகில் புள்ளி விழும். அலகை விரலால் தொடக் கூடாது. எண்ணெய் போடப் புதுத் தாள், துடைக்க வேறு தாள். உலகத்தில் இப்படி ஓர் இடமாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பதினாறு வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்துக்கு டகெமாசா கோஇச்சி வந்து சேர்ந்தார்.

அவருக்கு அப்போது வயது ஐம்பது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாசிக்கருவாடு போடும் கொட்டகை வைத்திருந்தார். குளித்துவிட்டுத்தான் வருவார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் புகையும் மீன் கொழுப்பும் தோலுக்குள் ஊறிப் போயிருந்தன. அவர் உட்கார்ந்து எழுந்த பாயில் உட்கார எனக்கு மூச்சை அடக்க வேண்டியிருந்தது. அவருடைய வாளின் கைப்பிடிப் பட்டு இரண்டே வருடத்தில் கறுத்து, அடுப்புக்கரித் துணி போல ஆகிவிட்டது. கழுத்து வியர்வையைத் துடைத்த துண்டாலேயே அலகையும் துடைப்பார். வாளைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார். அலகின் மேல் பொட்டுப் பொட்டாக விழுவது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஒருநாள் நான் நிறுத்தி நிதானமாக உருவுவதைப் பார்த்துவிட்டு, "என்ன குசுனோசே, வாளை உருவறியா, பல்லைப் புடுங்கறியா? பாக்கற எனக்கே தாடை வலிக்குது" என்றார். பயிற்சிக் கூடமே சிரித்தது. கூடத்தை நடத்திய ஒகாபாயாஷி வாத்தியார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

போன வருடம் பிப்ரவரியில் வாத்தியாருக்கு வலப்பக்கம் செயலிழந்தது. எண்பத்துமூன்று வயது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தின் பொறுப்பை டகெமாசாவிடம் கொடுப்பதாகச் சொன்னார். வருகிறவர்கள் அவரிடம் சகஜமாக இருக்கிறார்கள், என் முன்னால் மூச்சுவிடவே பயப்படுகிறார்கள் என்பது காரணம். பிறகு என்னைப் பக்கத்தில் அழைத்து, குழறுகிற வாயால் மெதுவாகச் சொன்னார்.

"உன் உருவல்ல ஒரு பிழை கிடையாது குசுனோசே. ஆனா எதிரே ஆளே தெரியல. நீ உன்னையேதான் பாத்துக்கிட்டிருக்க."

நான் தலை வணங்கினேன். அது எனக்கு வருத்தமாக இல்லை. பொறுப்பு யாரிடம் இருந்தால் என்ன. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டின்போது நடந்தது வேறு. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் குடித்த கிண்ணத்தையே அடுத்தவரிடம் நீட்டி ஊற்றுவார், வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் மனிதனையே மறுத்ததாகும். டகெமாசா வைக்கோல் தீயில் வாட்டிய சூரைமீனைப் பச்சைப் பூண்டோடு சேர்த்து வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தார். அவருடைய கீழ்த்தாடையில், வலப்பக்கம் நாலு பல் கட்டுப்பல். நான் செய்தது. அதனடியில் ஏதோ மாட்டிக்கொண்டது. பேச்சை நிறுத்தாமல் கட்டைவிரலால் அதை நெம்பி எடுத்து, தன் கிண்ணத்து அரிசி மதுவில் போட்டு அலசினார். மறுபடி வாயில் மாட்டிக்கொண்டார். மிச்சத்தின் மேலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"உன் பல்லுதானேப்பா. உனக்கென்ன அருவருப்பு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தில் பூண்டுச் சிம்பு ஒன்றும், நூல் போல மீன் நார் ஒன்றும் மிதந்தன. நான் குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவருடைய வாய்ச் சூடு அது. கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, நிரப்பித் திருப்பிக் கொடுத்து, புதுப் பொறுப்புக்கு வாழ்த்தும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் வாயை உப்புத் தண்ணீரால் கொப்பளித்தேன், பிறகு வேலைக்கு வைத்திருக்கும் சாராயத்தால் கொப்பளித்தேன். அந்த நார் நாக்கின் அடியில் எங்கேயோ இருப்பது போலவே பல நாள் இருந்தது. சில நாள் இப்போதும் இருக்கிறது.

ஞாயிறு காலைகளில் கூடத்தைத் துடைப்பது என் வேலை. சாவி என்னிடம் இருந்தது. மற்றவர்கள் வாளை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், டகெமாசா தன் வாளைக் கூடத்து அலமாரியிலேயே போட்டுவிட்டுப் போவார். அடுத்த ஞாயிறு அதை எடுத்தேன். சுத்தம் செய்யத்தான் எடுத்தேன். வாளை உருவி வைத்துவிட்டு உறையின் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தேன். பழுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தேன், அவருடைய வாசனை. அப்போதுதான் கவனித்தேன், உறையின் உட்புறம் கூர்ப்பக்கத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. அவர் உருவும்போது வாளை உறையின் மேல் தேய்த்தே உருவுவார், பதினாறு வருடமாகத் திருத்திக்கொள்ளாத பிழை. ஆக, வேலையைத் தொடங்கியவர் அவர். நான் தொடர்ந்தேன்.

உறை என்பது இரண்டு பாதி மரம். மென்மையான மரம். சோற்றுப் பசையால் ஒட்டி மேலே அரக்குப் பூசியிருப்பார்கள். உருவும்போது இடது கை உறையின் வாயைச் சுற்றிப் பிடித்திருக்கும். கூர்ப்பக்கம் மரம் மெலிந்து ஒட்டும் தளர்ந்துவிட்டால், ஒருநாள் வாள் வாய் வழியாக வராது. உறையைப் பிளந்துகொண்டு வரும். அப்படி வருகிற இடத்தில் விரல்கள் இருக்கும்.

பற்களின் இடுக்கை ராவ என்னிடம் ஓர் அரம் உண்டு, தீக்குச்சியைவிட மெலிந்தது. ஒரு ஞாயிறுக்கு முப்பது இழுப்பு. அதற்கு மேல் போனால் வாள் லொடலொடத்துக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு ஈர நூலைப் பசைக்கோட்டின் மேல் ஒரு கால்மணி நேரம் வைத்திருந்து எடுப்பேன். தூளை மென்தூரிகையால் கூட்டுவேன், ஆனால் எல்லாவற்றையும் கூட்ட மாட்டேன். கொஞ்சம் விட்டு வைப்பேன். இது முக்கியம். வாளைத் தினமும் துடைக்கிற மனிதன் அலகில் மரத்தூளைப் பார்த்திருப்பான். உறையின் வாய்க்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். எட்டு மாதம் நான் அவருக்கு அவகாசம் கொடுத்தேன். அதை ஒரு பரீட்சை என்றுதான் சொல்ல வேண்டும். சுத்தமான மனிதனுக்கு அந்த உறையால் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

அவர் பார்க்கவே இல்லை. கழுத்துத் துண்டால் ஓர் இழுப்பு இழுத்து அப்படியே சொருகிவிடுவார். இடையில் முழங்கால் வலி என்று மூன்று வாரம் கூடத்துக்கே வரவில்லை. அந்த மூன்று வாரமும் நானும் உறையைத் தொடவில்லை. அவர் இல்லாதபோது செய்வது நியாயமாகப் படவில்லை.

ஜூலையில் வாத்தியாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். நான் முதல் உருவலைச் செய்து காட்டினேன். அவர் இடது கையால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிறகு, "இப்பத்தான் எதிரே ஒரு ஆள் தெரியுது" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தொன்பது வருடம் காத்திருந்தேன்.

இனி இகுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹமாதா இகுமி, வயது முப்பத்துநாலு, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஆறு வருடமாக வருகிறாள். எங்கள் கூடத்தில் கைகளைக் கழுவிவிட்டு வாளைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். உருவும்போது அவளுடைய இடது கை உறையைப் பின்னுக்கு இழுக்கும் அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவளிடம் நான் அதிகம் பேசியதில்லை. அவள் இருந்தால் கூடத்துக் காற்றே கொஞ்சம் நன்றாக இருப்பது போல் தோன்றும்.

நவம்பர் மூன்றாம் தேதி கோயில் திருவிழா. சன்னிதி முன்னால் மரமேடையில், நடுப்பகலில், கூடத்துப் பொறுப்பாளர் நிஜ வாளால் உருவிக் காட்டுவது வழக்கம். டகெமாசாவால் அன்று மண்டியிட முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. அவர் எல்லோர் முன்னாலும், "என் காலு பஞ்சர். நம்ம இகுமி செய்யட்டும், சாமிக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தன் வாளை அவள் கையில் கொடுத்தார். அவளிடம் இருந்தது கூரில்லாத பயிற்சி வாள். நிஜ வாளால் அவள் அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு தடவை உருவியிருப்பாள்.

நீங்கள் முதல் நாள் கேட்டபோது, அன்று யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அது சரியில்லை. திருத்திக்கொள்ளுங்கள். ஒருத்தி கேட்டாள்.

மேடைக்குப் பின்னால் அவள் என்னிடம் வந்தாள். வாளை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். உறை கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கு. அவர்கிட்ட சொன்னா வருத்தப்படுவார். நீங்க பாத்துச் சொல்றீங்களா?"

நான் வாங்கிப் பார்த்தேன். உறையின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மரம் தாளைப் போல உள்ளே போய்த் திரும்பி வந்தது. இன்னும் ஓர் உருவல் தாங்காது என்று தெரிந்தது. என் கணிப்பு அந்த அளவுக்குச் சரியாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

"டகெமாசாவோட சாமான் எல்லாமே இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்ப உருவலாமா ஐயா?"

"வாத்தியார் காத்துக்கிட்டிருக்கார்" என்றேன். வாத்தியார் உண்மையிலேயே முன் வரிசையில் நாற்காலியில் காத்திருந்தார். அவள் வணங்கி வாங்கிக்கொண்டு போய், இடுப்புப் பட்டையில் வாளைச் சொருகிக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். திருவிழாக் கூட்டம் நிறைய. சொன்னால் உறையைப் பிரித்துப் பார்ப்பார்கள், அரத்தின் தடம் தெரியும், சாமி சன்னிதியில் பெரிய கலவரமாகிவிடும். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த வாள் ஒரு தடவையாவது சுத்தமான கையில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அவள் மண்டியிட்டாள். மூச்சை மூன்று முறை விட்டாள். பிறகு உருவினாள். காய்ந்த மூங்கிலை முறிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. வெட்டு மட்டும் சரியான இடத்தில், சரியான உயரத்தில் விழுந்தது. அந்த வாளை யாரும் அவ்வளவு சுத்தமாக உருவியதில்லை. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அவள் வாளை நீட்டியபடியே அசையாமல் இருந்தாள். அதன்பிறகுதான் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். சுட்டுவிரல் நடுக்கணுவுக்கு மேல் இல்லை. கட்டைவிரலின் நரம்பு அறுந்து, விரல் வேறு யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. வாளைக் கீழே போடக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்திருக்க வேண்டும், வலது கையால் அதை மெதுவாக மேடையில் கிடத்தினாள்.

முதலில் ஓடியவர் டகெமாசா. மண்டியிட முடியாத மனிதர், அந்த முழங்காலிலேயே மேடையில் தவழ்ந்து போனார். கழுத்துத் துண்டை உருவி அவள் கையைச் சுற்றி அமுக்கிப் பிடித்தார். மீன் கொழுப்பும் வியர்வையும் ஊறிய அதே துண்டு. நான் பக்கத்தில் போய், "அந்தத் துண்டு வேண்டாம்" என்றேன். மருத்துவமனையில் விரலை ஒட்டவைக்க முயன்றார்கள். ஒட்டவில்லை. அந்தத் துண்டுதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டகெமாசா பொறுப்பிலிருந்து விலகினார். பாழாய்ப் போன தன் சோம்பேறித்தனத்தால்தான் உறை பிளந்தது என்று வாத்தியார் முன்னால் தரையில் நெற்றியை வைத்து அழுதார். மூக்கு ஒழுகிப் பாயில் சொட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை. டிசம்பரில் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கேட்கவில்லை. அவர்களாகக் கொடுத்தார்கள்.

ஜனவரியில் இகுமிக்கு ஒரு விரல் செய்து தருவதாகச் சொன்னேன். பல்லுக்கும் ஈறுக்கும் வண்ணம் கலக்கத் தெரிந்தவனுக்கு விரல் பெரிய காரியம் இல்லை. என் பட்டறைக்கு வந்தாள். வலது சுட்டுவிரலை அச்செடுத்து, அதைத் திருப்பி இடதுக்கு வடித்தேன். வெட்டுப்பட்ட இடத்தையும் அச்செடுக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் அவள் கையை என் கைக்குள் வைத்திருந்தேன். தையல் தடத்தின் ஓரத்தில் தோல் இன்னும் புதிதாக, ஈறு நிறத்தில் இருந்தது. நகத்துக்கு மட்டும் ஆறு முறை வண்ணம் பூசினேன். மாட்டிவிட்டதும் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க இல்லேன்னா கடைக்குப் போகக்கூட இந்தக் கையை வெளிய எடுத்திருக்க மாட்டேன் ஐயா" என்றாள்.

முதல் அச்சு என் அலமாரியில், மேல் தட்டில் பஞ்சில் சுற்றி இருக்கிறது. உங்கள் ஆட்கள் சோதனை போடும்போது உடைத்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நடந்த பிறகும் எல்லோரும் அவர் பக்கம்தான். அவளால் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து நறுக்க முடியவில்லை என்று டகெமாசா தினமும் காலையில் பள்ளிச் சமையலறைக்குப் போய் நறுக்கிக் கொடுக்கிறார். அந்தக் கையால், குழந்தைகள் சாப்பிடும் காயை. அவள், "உங்க தப்பு இல்ல மாமா, விடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறது. தெருவில் என்னைப் பார்ப்பவர்கள்கூட, பாவம் டகெமாசா, எப்படி இளைத்துவிட்டார் பாருங்கள் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நாக்கின் அடியில் அந்த நார் வந்து நிற்கும்.

போன வாரம் மாகாணத்துக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கைச் சுற்றறிக்கை வந்தது. பொறுப்பாளர் என்ற முறையில் அதை நான்தான் பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. 'உரிமையாளரின் நீண்டகாலப் பராமரிப்புக் குறைவால் உறை தானாகப் பிளந்தது' என்று அதில் ஒரு வரி. அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. தொண்டையில் ஏதோ என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் காலையில் உங்களிடம் வந்தேன்.

இகுமியிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வெயிலில் அந்த விரலின் நிறம் மங்கும், வருடத்துக்கு ஒருமுறை வண்ணம் பூச வேண்டும். இனி அதை யார் செய்வார்கள் என்று தெரியவில்லை. வேறொன்றும் இல்லை. டகெமாசாவின் கைக்காகச் செய்ததை அவள் கையில் இருந்தபோது தெரிந்தே விட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று எழுத நினைத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் சண்டை போடப் போவதில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். உறை தானாகப் பிளக்கவில்லை. அது முப்பது ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை. தானாகப் பிளக்கிற மரம் சிராய் சிராயாகப் பிளக்கும், இது மயிரிழை கோணாமல் பிளந்திருக்கிறது, வேண்டுமானால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்தச் சோம்பேறியால் அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா. திருத்திய சுற்றறிக்கையில் என் பெயரைப் போடும்போது, குசுனோசேக்குக் கற்பூர மரத்தைக் குறிக்கும் எழுத்தைப் போட வேண்டும், அதே உச்சரிப்புள்ள வேறு எழுத்தை அல்ல. பலரும் தப்பாக எழுதுகிறார்கள்.